கலியமூர்த்திக்கு வேர்க்காது

கடலூர் முதுநகர் துறைமுகத்தை ஒட்டியிருந்த ஐஸ் கம்பெனியில் வேலைக்கு வருகிறவர்கள் ஒரு மாதம் நிற்பதே பெரிய காரியம். உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து தகர அச்சுகளைத் தூக்கி, ஐஸ் பாரைத் தட்டிக் கழற்றி, வழுக்கிக்கொண்டு ஓடுகிற அந்தக் கட்டிகளைக் கொக்கி போட்டு இழுத்து அரவை மிஷினில் தள்ள வேண்டும். கை விரல்கள் மரத்துப்போகும். அமோனியா நாற்றத்தில் கண் எரியும். தோளில் சாக்கைப் போர்த்திக்கொண்டுதான் ஆட்கள் உள்ளே போவார்கள்.

கலியமூர்த்தி மட்டும் வெறும் பனியனோடு போவான். இருபது வயதில் வந்தவன், பத்து வருஷமாக அங்கேயே இருந்தான். விடுமுறை நாளில்கூட வெளியே போகாமல் ஐஸ் ரூம் வாசலில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வான். மிஷின் பார்க்கும் ஆரோக்கியராஜ் புதிதாக வருகிறவர்களிடம் அவனைக் காட்டி, "இவனுக்கு ஒடம்புல ரத்தம் ஓடல, ஐஸ் தண்ணிதான் ஓடுது" என்பார். கலியமூர்த்தி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிப்பான். பற்களை யாருக்கும் காட்ட மாட்டான். மொத்தமே ஏழு பற்கள்தான் அவனுக்கு. அவையும் கூர்கூராக, ஆணி மாதிரி இருக்கும். தலையில் செம்பட்டையாய்ப் பூனைமுடி. புருவம் இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் வெளியே தெரிகிற விஷயங்கள். தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கலியமூர்த்திக்கு வேர்க்காது. பிறந்ததிலிருந்து அவன் உடம்பில் ஒரு சொட்டு வேர்வை கண்டதில்லை.

அவனுக்குச் சொந்த ஊர் குமராட்சிப் பக்கம். நெல் விளைகிற ஊரில் கூலிவேலைக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, அரைமணி நேரம் வெயிலில் நிற்க முடியாதவனாக இருந்தான். நின்றால் முகம் பழுக்கும், தலை சுற்றும், உடம்பு அடுப்பாகக் கொதிக்கும். பன்னிரண்டு வயதில் ஒருமுறை கதிர்க்கட்டு தூக்கப் போய் வரப்பிலேயே விழுந்துவிட்டான். அம்மா கொளஞ்சியம்மாள் ஓடிவந்து அவனை அப்படியே வாய்க்காலில் இறக்கி, கழுத்துவரை தண்ணீரில் உட்காரவைத்து உயிரை மீட்டாள். கோடை வந்தால் அவன் சட்டையைத் தண்ணீரில் முக்கி ஈரத்தோடு மாட்டிவிடுவாள். பள்ளிக்கூடத்துக்கும் அப்படித்தான் அனுப்பினாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "அவன் ஒடம்பு வாகு அப்படி" என்று ஒரே பதில்தான். அதற்குமேல் அவளுக்கும் தெரியாது. கைக்குழந்தையில் அவனை எப்படிக் காப்பாற்றினாள் என்று கலியமூர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. 2001-இல் மாரடைப்பு வந்து ஒரே மத்தியானத்தில் போய்விட்டாள். அப்பா அதற்கும் முன்பே போயிருந்தார்.

மிச்சமிருந்தது எட்டு வயது இளையவளான தங்கை மலர்க்கொடி ஒருத்திதான். அவளை வல்லம்படுகையில் ராஜமாணிக்கத்துக்குக் கட்டிக்கொடுத்தான். சிதம்பரத்துக்குப் போய்வரும் மினிபஸ்ஸில் டிரைவர். அதிர்ந்து பேசாத மனிதர்.

2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்த அன்றைக்குக் கலியமூர்த்தி ஐஸ் ரூமுக்குள் இருந்தான். இடுப்பளவு தண்ணீர் புகுந்து மோட்டார்களை முழுக்கிவிட்டுப் போனது. அவன் பிழைத்தான். தேவனாம்பட்டினத்திலிருந்து தினமும் ஐஸ் வாங்க வருகிற பலர் அதற்குப் பிறகு வரவில்லை. கம்பெனி மூடிக் கிடந்தது. ஜனவரியில் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான்.

அப்போது மலர்க்கொடி ஆறு மாதக் கர்ப்பிணி. தலைப்பிரசவம். தாய்வீட்டில் பார்க்க வேண்டும், தாய்தான் இல்லை. மாமியார் லோகநாயகி, "எங்க வீட்லயே இருக்கட்டும்பா, நான் பாத்துக்கறேன்" என்று நல்ல மனதோடுதான் சொன்னாள். கலியமூர்த்தி கேட்கவில்லை.

"அம்மா இருந்தா செய்யறத நான் செய்யறேன் அத்த. அவளுக்குப் பொறந்த வீடு இல்லன்னு ஆயிடக் கூடாது."

அதேபோலச் செய்தான். வளைகாப்பு நடத்தினான். சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டுக்கு வெள்ளையடித்தான். ஏப்ரல் கடைசியில் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை பிறந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உதவிக்கு லோகநாயகியும் கூட வந்திருந்தாள். கலியமூர்த்தி பிள்ளையின் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போய் அழுதான், அம்மாவை நினைத்து.

பிள்ளைக்குத் தலையில் முடி இல்லை. பிறந்த பிள்ளைக்கு முடி இல்லாதது யார் கண்ணுக்கும் வித்தியாசமாகப் படவில்லை. பல் முளைக்கிற வயதும் அது இல்லை. தோல் காய்ந்து லேசாக உரிந்தது. பச்சைப்பிள்ளைக்கு உரியத்தான் செய்யும் என்றாள் லோகநாயகி. அதுவும் உண்மைதான், பல பிள்ளைகளுக்கு உரியும்.

அக்னி நட்சத்திரம் தொடங்கியது. உள்ளறையில் தாயும் பிள்ளையும். காற்றுப் பட்டால் சளி பிடிக்கும் என்று ஜன்னல் சாத்தியிருந்தது. பிள்ளைக்குக் காதை மூடிக் குல்லா, மேலே துணி சுற்று. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்கின்றன. கலியமூர்த்திக்கு அந்த வீட்டுக்குள் பகலில் கால்மணி நேரம் இருக்க முடியவில்லை. பின்பக்கம் அடிபம்புக்குப் பக்கத்தில் ஈரச் சாக்கை விரித்து, மணிக்கு ஒருமுறை மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டு படுத்துக் கிடந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை.

பன்னிரண்டாம் நாள் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். ஏசி போட்ட அறைக்கு வெளியே ஃபேனுக்குக் கீழே ஒரு மணி நேரம் காத்திருந்ததில், உள்ளே போகும்போது சூடு இறங்கியிருந்தது. அவர் தொட்டுப் பார்த்து, ஊசி போட்டு, சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார். மறுநாள் காலையில் நன்றாக இருந்த பிள்ளை மத்தியானம் திரும்பவும் கொதித்தது. சாயங்காலம் இறங்கியது. அடுத்த நாளும் அதேபோல. மருந்து கொடுத்தும் மத்தியானச் சூடு இறங்கவில்லை. கோயிலில் மந்திரித்துத் திருநீறு பூசினார்கள். பிள்ளை பால் குடிப்பதைக் குறைத்துக்கொண்டது.

பதினேழாம் நாள் பன்னிரண்டு மணிக்குப் பிள்ளையின் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. மலர்க்கொடி, "அண்ணா! அண்ணா!" என்று கத்தினாள். ஈர உடம்போடு ஓடிவந்து பார்த்தான் கலியமூர்த்தி.

"குளுருது மலரு, நடுங்குது பாரு. குளிர்சொரமா இருக்கும். இன்னொரு துணி சுத்து."

சொன்னதோடு நிற்கவில்லை. பெட்டியைத் திறந்து அம்மாவின் பழைய நூல்புடவையை எடுத்து நாலாக மடித்து அவனே பிள்ளையைச் சுற்றினான். முகம் மட்டும் தெரியும்படி இறுக்கமாகச் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். சேதி போய் ராஜமாணிக்கம் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். ஏறியிருந்த பயணிகள் எல்லோரும் இறங்கிக்கொண்டார்கள். சிதம்பரம் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே, கலியமூர்த்தியின் கையில் பிள்ளை இறந்துபோனது. இறந்த பிறகும் உடம்பு சூடாகவே இருந்ததால் அவனுக்கு அது தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் புடவையைப் பிரித்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

பதினேழு நாள் பிள்ளை. பேர்கூட வைக்கவில்லை.

மலர்க்கொடி புருஷன் வீட்டுக்குப் போனாள். கம்பெனியைச் சரிசெய்து ஓட்டத் தொடங்கியதும் கலியமூர்த்தி கடலூருக்குத் திரும்பினான். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. விஷக்காய்ச்சல் என்றார்கள். 2007-இல் மலர்க்கொடிக்கு ஒரு பெண் பிறந்து நன்றாக வளர்ந்தது. இளவரசி என்று பேர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கலியமூர்த்தி போய்வருவான். தங்கச்சி கையால் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு, குழந்தைக்கு ஒரு கவுன் வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவான். பேச்சு பழைய மாதிரி இல்லை என்றாலும் உறவு இருந்தது.

2009 ஆகஸ்டில் ஐஸ் பார் ஒன்று சறுக்கிவந்து அவன் முகத்தில் அடித்தது. இருந்த ஏழில் இரண்டு உடைந்தன. ஆரோக்கியராஜ்தான் திட்டி, சிதம்பரத்துக்குப் பல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். "சும்மா கெடக்காத. செட்டு பல்லு கட்டிக்க. ஒரு பொண்ணாவது பாக்கலாம்."

பார்த்த டாக்டர் சின்னப் பெண். அனுப்பிரியா என்று சட்டையில் பேர் குத்தியிருந்தாள். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தவள், உடைந்த பல்லை விட்டுவிட்டு அவன் தலையையும் புருவத்தையும் உள்ளங்கையையும் பார்த்தாள்.

"உங்களுக்கு வேர்க்குமா?"

கலியமூர்த்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தைந்து வருஷத்தில் முன்பின் தெரியாத ஒருவர் அதைக் கேட்டதில்லை.

"வேர்க்காதுங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பல்லு, முடி, வேர்வைச் சுரப்பி மூணும் கருவுல ஒரே இடத்துலேர்ந்து உருவாகுது. பல்லு இப்படி இருந்தா நாங்க அதையும் கேப்போம்." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். "நம்ம உடம்பு சும்மா இருந்தாலே உள்ள சூடு உண்டாகிட்டே இருக்கும். அது ஏறினா மூளைக்குத் தெரிஞ்சிடும். உடனே ரத்தத்த தோலுக்கு நெறைய அனுப்பும். வேர்க்க வைக்கும். அந்த வேர்வை காயும்போது சூட்ட எடுத்துக்கிட்டுப் போயிடும். உங்களுக்கு மூளை சொல்லும், ரத்தமும் வரும், வேர்வை மட்டும் வராது. சூடு உள்ளயே தங்கிடும்."

"அதான் தண்ணி ஊத்திக்குவேன் டாக்டர்."

"அதேதான். நீங்க ஊத்துற தண்ணிதான் உங்களுக்கு வேர்வை. யார் சொல்லிக் குடுத்தா?"

"அம்மா."

அவள் எழுதிக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். "இது அம்மா வழியா ஆம்பளப் பிள்ளைங்களுக்கு வர்றது. கூடப் பொறந்த பொண்ணுங்க இருந்தா அவுங்க பிள்ளைக்கும் வரலாம். தங்கச்சி இருக்காங்களா? அவுங்களுக்குப் பல்லு எல்லாம் சரியா இருக்கா?"

மலர்க்கொடிக்கு மேல்வரிசையில் இரண்டு பற்கள் முளைக்கவே இல்லை. சின்ன வயதில் அதைச் சொல்லி அவன் கேலி செய்திருக்கிறான்.

"அவுங்களுக்குப் பையன் பொறந்தா ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். மொத வருஷந்தான் ஆபத்து. அடிக்கடி காரணமே இல்லாம சுடும். எல்லாரும் காய்ச்சல்னு நெனைப்பாங்க. காய்ச்சல்னா மூளையே சூட்ட ஏத்தி வைக்கிறது, அதுக்கு மருந்து கேக்கும். இதுக்குக் கேக்காது. துணியக் கழட்டிட்டு, ஈரத்துணியால தொடச்சு, காத்து வீசணும். அவ்வளவுதான் வைத்தியம். சுத்தி மட்டும் வைக்கவே கூடாது."

அவள் ஒரு தாளில் நோயின் பேரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். பல் அளவெடுக்க அடுத்த வாரம் வரச் சொன்னாள். அவன் போகவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் மூன்று கடலூர் வண்டிகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய இரண்டு கையும் மடியில் கிடந்தன. அந்தக் கைகளால்தான் புடவையை நாலாக மடித்தான்.

மலர்க்கொடியிடம் சொல்லவில்லை. அவளுக்குப் பெண் பிறந்துவிட்டது, நன்றாக இருக்கிறது, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று சமாதானம் செய்துகொண்டான். உன் வயிற்று வழியாக வந்தது என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? புருஷன் வீட்டில் அவளை என்ன சொல்வார்கள்? இந்தக் காரணங்களுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. சொன்னால், சுற்றியது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டரை வருஷம் அப்படியே ஓடியது.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்து கடலூரைச் சூறையாடியது. கம்பெனிக் கூரை பறந்தது. கரண்ட் கம்பங்கள் முறிந்து ஊரே இருட்டில் கிடந்தது. வேலை இல்லாமல் பொங்கலுக்கு முன்பே வல்லம்படுகைக்குப் போனான். மலர்க்கொடி கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கும்போது வயிறு தெரிந்தது.

"அஞ்சு மாசம்ணா," என்று வெட்கத்தோடு சிரித்தாள். "இத்தன வருசம் கழிச்சு. இளவரசிக்கு ஒரு தம்பி வேணுமாம்."

கலியமூர்த்தி துணிக்கொடியின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். இனி மறைக்க முடியாது. எல்லாவற்றையும் சொன்னான். பல் டாக்டர் சொன்னதை, அம்மா வழியை, மத்தியானச் சூட்டை, இழுத்தது குளிரால் அல்ல என்பதை. மலர்க்கொடி குறுக்கே பேசாமல் கேட்டாள். கையிலிருந்த ஈரத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ரெண்டரை வருசம் ஆவுது."

"ரெண்டரை வருசமா எங்கிட்ட சொல்லாம இருந்தியா?"

அவன் கம்பத்திலிருந்து கையை எடுத்தான்.

"அன்னிக்கு நீ பம்புகிட்ட படுத்துக் கெடந்தியே. மணிக்கு ஒருவாட்டி தண்ணி ஊத்திக்கிட்டியே. ஒரு சொம்பு, ஒரு சொம்பு தண்ணி அவன் மேல ஊத்தியிருந்தா..." கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். "நீ கெளம்புண்ணா" என்றாள்.

அவன் கிளம்பினான்.

மே மாதம் பையன் பிறந்தான் என்று ராஜமாணிக்கம் போனில் சொன்னார். ஆஸ்பத்திரியில் மலர்க்கொடி முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவைத்திருந்தாள். சோதித்துப் பார்த்த டாக்டர்கள், மாமனுக்கு இருப்பது பிள்ளைக்கும் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். குளிர்ச்சியான இடத்தில் வைத்திருங்கள், ஃபேன் நிற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த வருஷம் தமிழ்நாட்டில் ஃபேன் நிற்காத வீடு ஏது? பகலில் எட்டு மணி நேரம் கரண்ட் கிடையாது. ஜூன் முதல் வாரத்தில் மறுபடியும் போன் வந்தது.

"மச்சான், மலரு ஒண்ணும் சொல்லல. நானாதான் கூப்புடறேன். புள்ள கொதிக்குது. பயமா இருக்கு."

மீன் பேக் பண்ணுகிற தெர்மோகோல் பெட்டி இரண்டில் ஐஸை நிரப்பிக்கொண்டு கலியமூர்த்தி முதல் பஸ்ஸில் வல்லம்படுகைக்கு வந்து இறங்கினான். மலர்க்கொடி அவனைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பிள்ளையை அவன் பக்கம் நகர்த்திவைத்தாள்.

ஐஸைப் பிள்ளை மேல் வைக்கவில்லை அவன். ரொம்பக் குளிர்ந்தால் தோலுக்கு வந்த ரத்தம் உள்ளே ஓடிப்போகும், சூடு வெளியே வராது என்று அவன் உடம்பே அவனுக்குச் சொல்லியிருந்தது. ஐஸை அகலத் தட்டுகளில் போட்டு அறையின் நாலு மூலையிலும் வைத்தான். சாதாரணத் தண்ணீரில் மல்துணியை நனைத்து, பிழிந்து, பிள்ளையின் முதுகிலும் கழுத்திலும் போட்டு, காலண்டர் அட்டையால் விசிறினான். துணி காயக்காய மாற்றினான். ஒரு மணி நேரத்தில் பிள்ளை கண்ணைத் திறந்து பாலுக்கு அழுதது. லோகநாயகி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ எனக்குத் தெரியாமப் போச்சே சாமி, நானே குல்லா மாட்டுனேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனாள்.

கடலூருக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டான் கலியமூர்த்தி. தினமும் ராஜமாணிக்கம் சிதம்பரத்திலிருந்து மினிபஸ்ஸில் ஐஸ் கொண்டுவருவார். அண்ணனும் தங்கையும் ஒரே அறையில், பிள்ளைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உட்கார்ந்து விசிறினார்கள். துணி எடு, தட்டைத் தள்ளு என்பதற்குமேல் பேச்சு இல்லை. இப்படிப் பத்து நாள் போயிற்று.

பதினோராம் நாள் மத்தியானம் மலர்க்கொடி விசிறுவதை நிறுத்தினாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லக் கூடாது."

"கேளு."

"சூடு ஏறும்போது எப்படி இருக்கும்? உனக்குத்தான தெரியும். அவன் ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பானா?"

ஒன்றும் இருக்காது என்று சொல்லிவிட ஒரு கணம் நினைத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

"மொதல்ல கஷ்டந்தான் மலரு. தல இடிக்கும். நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும். நாக்கு ஒட்டிக்கும். யாராவது வந்து தூக்க மாட்டாங்களான்னு இருக்கும். அப்புறம்... அப்புறம் தூக்கம் மாதிரி வரும். ஒண்ணும் தெரியாது. வரப்புல நான் உழுந்தப்ப அம்மா தூக்குனது, தண்ணியில எறக்குனது எதுவும் எனக்குத் தெரியாது."

"அன்னிக்குக் கடைசியா அவன் அழவே இல்லண்ணா. இழுக்கும்போதுகூட சத்தம் இல்ல."

"அப்ப அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. தூங்கியிருப்பான்."

"நீ சுத்துனது தெரிஞ்சிருக்காதா?"

"தெரிஞ்சிருக்காதும்மா."

மலர்க்கொடி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். ஏழு வருஷத்தில் அண்ணன் முன்னால் அவள் அழுதது அதுதான் முதல்முறை. கலியமூர்த்திக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. காய்ந்துபோன துணியை எடுத்துவிட்டு வேறொன்றை நனைத்துப் பிள்ளையின் முதுகில் போட்டான். அவள் அழுது ஓயும்வரை இரண்டு பேருக்குமான விசிறலை அவன் ஒருவனே விசிறினான்.

மூன்று மணிக்குத்தான் கரண்ட் வந்தது.